சென்சரைக் கழற்றுமுன்

(வீட்டுப் பாவனைப் பொருட்களைப் பழுதுபார்ப்பது குறித்து ஸ்காபரோ நூலக அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் உடுப்புக் காயவைக்கும் ட்ரையர் இல்லாத வீடு அரிது. பனிக்காலத்தில் கொடி கட்டிக் காயப்போட வழியில்லை. அந்த ட்ரையர் மக்கர் செய்தால் நம்மவர்கள் முதலில் சொல்வது: "சென்சர் போயிட்டுது, மாத்தினால் சரி." திரையில் ஒரு குறியீடு தெரிகிறது, அதைத் தேடிப் பார்க்கிறார்கள், வெப்ப சென்சர் என்று வருகிறது, வாங்கி மாட்டுகிறார்கள். சில நாள் ஓடுகிறது. பிறகு அதே குறியீடு. அடுத்து மெஷினின் கட்டுப்பாட்டுப் போர்டை மாற்றச் சொல்லி ஒருவர் சில நூறு டொலர் கேட்கிறார். ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு வயோதிபருக்கு அது சிறிய காசு அல்ல.

குறியீடு சென்சரின் பெயரைச் சொல்வதாலேயே சென்சர் கெட்டுவிட்டது என்று ஆகாது. போர்டுக்கு வந்து சேர்ந்த எண் நம்பக்கூடியதாக இல்லை என்பது மட்டும்தான் அந்தக் குறியீட்டின் அர்த்தம். எண் ஏன் அப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது மெஷினின் வேலை இல்லை, நம்முடைய வேலை. சுடுதேநீர் குடித்த வாயில் வெப்பமானியை வைத்தால் அது காட்டுகிற எண் உண்மைதான், அதை வைத்துக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தால்தான் பிழை.

முதலில் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கனடாவில் நாம் பாவிக்கும் மின்சார ட்ரையர் பெரும்பாலும் 240 வோல்டில், 30 அம்பியர் பிரேக்கரில் ஓடுவது. ஹீட்டர் கம்பிச்சுருள் 5,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். காற்று அந்தச் சுருளைத் தாண்டிச் சூடாகி டிரம்முக்குள் போய், ஈரத்தை வாங்கிக்கொண்டு, பஞ்சு வடியைக் கடந்து, புளோவர் வழியாகக் குழாயில் ஏறி வீட்டுக்கு வெளியே போகிறது. வெப்ப சென்சர் பொதுவாக இருப்பது புளோவர் கூட்டில், அதாவது வெளியேறும் காற்றின் பாதையில். உடுப்பின் சூட்டை அது தொட்டுப் பார்ப்பதில்லை, ஹீட்டரின் சூட்டையும் பார்ப்பதில்லை. தன்னைக் கடந்து போகும் காற்றின் சூட்டை மட்டுமே அளக்கிறது. காற்று போகாவிட்டால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பாதிப் பழுதுகளுக்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது.

பழைய மெஷின்களில் இந்த இடத்தில் தெர்மோஸ்டாட் இருக்கும். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய சிறு தகடு. குறிப்பிட்ட சூட்டில் டக்கென்று வளைந்து மின்னோட்டத்தை அறுக்கும், ஆறியதும் திரும்பிச் சேரும். புதிய மெஷின்களில் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். உலோகக் கம்பி சூடானால் மின்தடை கூடும், இது நேரெதிர். இந்தக் குணத்தை 1833-இல் மைக்கேல் பாரடே வெள்ளி சல்பைடில் கண்டார். கடையில் வாங்கும் பொருளாக அது மாற ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது.

இந்த இரண்டையும் மல்டிமீட்டரில் சோதிக்கும் முறை முற்றிலும் வேறு. தொழிலைப் படிக்கிற பிள்ளைகள் இதை நன்றாக மனதில் வையுங்கள். தெர்மோஸ்டாட் அறைச்சூட்டில் மூடியிருக்க வேண்டும், மீட்டர் ஏறக்குறைய பூச்சியம் ஓம் காட்ட வேண்டும். தெர்மிஸ்டர் பூச்சியம் காட்டினால் அது செத்துவிட்டது. பக்கத்திலேயே திருகி வைத்திருக்கும் தெர்மல் பியூஸும் பார்வைக்குத் தெர்மோஸ்டாட் போலவே இருக்கும். அது ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், திரும்பச் சேராது. எந்தப் பாகத்தை அளக்கிறோம் என்று தெரியாமல் மீட்டரை வைத்தால் நல்லதைக் கெட்டது என்போம், கெட்டதை நல்லது என்போம்.

தெர்மிஸ்டரின் எண்களுக்கு வருவோம். பல கம்பனிகள் பாவிப்பது 25 பாகை செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. வேறு அளவுகளும் உண்டு. உங்கள் மெஷினுக்குரிய அட்டவணை பல மாதிரிகளில் மெஷினுக்குள்ளேயே இருக்கும். மேற்பலகைக்குள்ளோ அடிப்பலகைக்குப் பின்னாலோ மடித்துச் செருகிய தாளாகக் கிடக்கும். அதை எடுத்துப் படித்துவிட்டு, தயவுசெய்து அதே இடத்தில் திரும்ப வையுங்கள். அடுத்து வருபவருக்கும் அது தேவை.

இந்த 10 கிலோ ஓம் வகை 0 பாகையில் சுமார் 33 கிலோ ஓம் காட்டும். 10 பாகையில் 20, 20 பாகையில் 12.5, 35 பாகையில் 6.5, 50 பாகையில் 3.6, 70 பாகையில் 1.8 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் கீழே. இது நேர்கோட்டில் இறங்குவதில்லை. குளிரில் ஒரு பாகைக்குப் பெரிய மாற்றம், சூட்டில் ஒரு பாகைக்குச் சிறிய மாற்றம். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதுவே நமக்கு முக்கியமாகும்.

"புத்தகத்தில் 10 என்று போட்டிருக்கிறது, மீட்டர் 20 காட்டுகிறது, ஆகவே கெட்டுவிட்டது" என்று நல்ல சென்சரைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. 10 பாகைக் குளிரில், சூடேற்றாத கராஜில் வைத்து அளந்தால் அது 20 காட்டத்தான் வேண்டும். ஊரில், சித்திரை வெயிலில், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பட்டறையில் வைத்து அளந்தால் 6 அல்லது 7 காட்டும். அதுவும் சரிதான். அளக்கும் இடத்தின் சூடு தெரியாமல் அளவுக்குப் பொருள் இல்லை. சுவரில் ஒரு சாதாரண வெப்பமானி தொங்கினாலே போதும்.

ஒரே ஒரு சூட்டில் அளப்பதும் போதாது. மெஷினின் பிளக்கைக் கழற்றுங்கள், சென்சரின் வயரைக் கழற்றுங்கள், மீட்டரின் இரு முனைகளையும் மாட்டுங்கள். பிறகு சென்சரை உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடியுங்கள். எண் ஒரே சீராக இறங்கி 7 கிலோ ஓம் பக்கமாக வந்து நிற்க வேண்டும். இறங்கும் வழியில் துள்ளக் கூடாது, திடீரென்று காணாமல் போய்த் திரும்பவும் வரக் கூடாது. அடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சூட்டை அளந்த சுடுநீரில் பையை இறக்கி, அட்டவணையோடு ஒப்பிடுங்கள். உள்ளே கீறல் விழுந்த சென்சர் ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடானதும் விரிந்து இணைப்பை விட்டுவிடும். அறைச்சூட்டில் மட்டும் பார்த்தவர் அதை ஒருபோதும் பிடிக்க மாட்டார்.

போர்டு இதை எப்படி வாசிக்கிறது? பொதுவாக 5 வோல்டைத் தன்னிடமுள்ள நிலையான ஒரு மின்தடை வழியாகச் சென்சருக்கு அனுப்பி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. அந்த மின்தடையும் 10 கிலோ ஓம் என்று வைத்தால், 25 பாகையில் நடுவில் 2.5 வோல்ட் நிற்கும். வயர் அறுந்தால் முழு 5 வோல்டும் நிற்கும். மின்தடை எல்லையில்லாமல் கூடியிருக்கிறது என்றால் போர்டின் கணக்கில் அது கடுங்குளிர். அதை அப்படியே நம்பினால் ஹீட்டரை நிறுத்தாமல் எரியவிடும். அதனால்தான் போர்டு அந்த எண்ணை நம்ப மறுத்துக் குறியீட்டைக் காட்டி நிற்கிறது. வேர்ல்பூல் வகை மெஷின்கள் பலவற்றில் எஃப்-22 என்றால் சென்சர் சுற்று அறுந்திருக்கிறது, எஃப்-23 என்றால் குறுக்கே சேர்ந்திருக்கிறது என்று பொருள். சுற்று என்பதைக் கவனியுங்கள். சென்சர், அதன் கனெக்டர், கதவுப் பக்கமாக வளைந்து மேலே ஏறும் வயர், போர்டில் சொருகிய முனை எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. மெஷின் நடுங்க நடுங்க ஓடுவதால் தகட்டின் விளிம்பில் உரசி வயர் தேய்வது மிகச் சாதாரணம்.

ஆகவே சென்சரின் காலில் மட்டும் அளந்துவிட்டு எழும்பக் கூடாது. போர்டுப் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி, அந்த முனையிலிருந்தும் அளக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் வயர் நல்லது. இல்லாவிட்டால் சென்சரை மாற்றிப் பயனில்லை. அளக்கும்போது வயர்க்கட்டைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

இதைவிடக் கொடுமையானது, குறியீடே வராமல் பொய் எண் போய்ச் சேருவது. ஒரு அன்ரி வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். "தம்பி, போனமுறை வந்தவர் சென்சர் மாத்தினவர். இப்பவும் துவாய் எல்லாம் பொரிஞ்ச மாதிரி வருது, சேட்டுப் பொத்தானைத் தொட ஏலாது" என்றார். திரையில் குறியீடு எதுவும் இல்லை. பேஸ்மென்டில் 20 பாகை. சென்சரின் காலில் அளந்தேன், 12.5 கிலோ ஓம், அச்சொட்டாகச் சரி. போர்டுப் பக்கத்திலிருந்து அளந்தால் 13.5. ஒரு கிலோ ஓம் கூட. போனமுறை வந்தவரும் இதைக் கண்டிருக்கலாம், சின்ன வித்தியாசம்தானே என்று விட்டிருக்கலாம். கனெக்டரைப் பிரித்தேன். ஒரு பின்னின் அடியில் நீலப்பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் தொட்டி, அதன் ஈரம் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறது.

அந்த ஒரு கிலோ ஓம் என்ன செய்யும் என்று கணக்குப் பாருங்கள். அறைச்சூட்டில் 10 என்பது 11 ஆகும். போர்டு 25 பாகையை 23 என்று வாசிக்கும், யாருக்கும் தெரியாது. காற்று 70 பாகைக்கு ஏறும்போது சென்சர் 1.76 கிலோ ஓம் காட்டும். அதோடு களிம்பின் 1 கிலோ ஓம் சேர்ந்து 2.76. அட்டவணையில் அது 57 பாகை. 13 பாகைப் பொய். "இன்னும் சூடு போதவில்லை" என்று போர்டு ஹீட்டரை எரியவிடுகிறது. குளிரில் கண்ணுக்குத் தெரியாத பிழை, சூட்டில் துவாயைப் பொரிக்கிற பிழையாகிவிடுகிறது. அன்ரி வீட்டில் அந்தப் பின்னை வெட்டியெறிந்து புது முனை அழுத்திப் பொருத்தியதோடு வேலை முடிந்தது. சென்சரில் கை வைக்கவே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கனெக்டருக்குள் ஈரப்பஞ்சு அடைந்து இரண்டு பின்னுக்கும் இடையே மின்சாரம் கசிந்தால் மின்தடை குறையும், போர்டு உள்ளதைவிடச் சூடாக இருப்பதாக நினைக்கும். 20 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால் 25 பாகையை 34 என்று வாசிக்கும். 70 பாகையில் இரண்டு மூன்று பாகைதான் வித்தியாசம் வரும். அதாவது களிம்பு சூட்டில் பொய் சொல்லும், கசிவு குளிரில் பொய் சொல்லும். இரண்டு சூட்டில் அளந்து பாருங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான். பிழை எந்தப் பக்கம் பெருகுகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

சென்சரும் வயரும் சரியாக இருந்தும் மெஷின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, ஹீட்டர் சுருள். பழசான சுருள் தொய்ந்தோ உடைந்தோ கூட்டின் தகட்டில் முட்டினால், தெர்மோஸ்டாட் ஒரு பக்கத்தை அறுத்தாலும் மறுபக்கத்திலிருந்து தகட்டுக்கு மின்சாரம் பாய்ந்து சுருள் எரிந்துகொண்டே இருக்கலாம். இந்த நாட்டு 240 வோல்ட் இரண்டு 120 வோல்ட் கம்பிகளாக வருவதால் வரும் வினை இது. சுருளே மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவதால் பிரேக்கரும் விழாமல் இருக்கக்கூடும். பிளக்கையும் சுருளின் வயர்களையும் கழற்றிவிட்டு, சுருளின் காலுக்கும் கூட்டின் தகட்டுக்கும் இடையே அளந்தால் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. சுருளின் இரு காலுக்கும் இடையே ஏறக்குறைய 10 ஓம் வரும். மற்றது, போர்டிலுள்ள ரிலே. அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் போர்டு நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் நிற்காது.

டிரம் சுற்றுகிறது, சூடே இல்லை என்றால் எதையும் கழற்றுமுன் பிரேக்கரைப் பாருங்கள். இரண்டு கம்பிகளில் ஒன்று போயிருந்தாலும் மோட்டார் 120 வோல்டில் சுற்றக்கூடும், ஹீட்டருக்கு மட்டும் மின்சாரம் வராது. பிரேக்கரை முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டாலே சரியாகிவிடும் வீடுகள் உண்டு.

இப்போது நான் மன்றாடிக் கேட்கப்போவது தெர்மல் பியூஸ் பற்றி. புளோவர் கூட்டில் இருக்கும் பியூஸ் ஒரு பரவலான வகையில் 91 பாகையில் அறும். ஹீட்டர் கூட்டில் இருக்கும் உயர்வரம்புத் தெர்மோஸ்டாட் 121 பாகையில் அறுத்துச் சேரும். அதற்கும் மேலே, 178 பாகையில், ஒரேயடியாக அறுகிற கட்-ஆஃப். அந்தக் கடைசி இரண்டையும் சோடியாகவே விற்கிறார்கள், சோடியாகவே மாற்ற வேண்டும். கட்-ஆஃப் அறுந்தது என்றால் அதற்கு முன் தடுத்திருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யவில்லை என்ற சந்தேகம் வருகிறது. இப்படி அறுந்த பியூஸின் இரண்டு பக்கத்தையும் ஒரு வயர்த் துண்டால் சேர்த்து "சரி, ஓடுது" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். சோதனைக்கென்றும் அப்படிச் செய்யத் தேவையே இல்லை, மீட்டர் அதே பதிலைத் தரும்.

பியூஸ் அறுந்திருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி காற்றைப் பற்றியது. 2008 முதல் 2010 வரையான தரவை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட கணக்கு: வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீவிபத்துகள், 5 உயிரிழப்புகள், 100 பேருக்குக் காயம், 35 மில்லியன் டொலர் சேதம். காரணங்களில் முதலிடம் மெஷினைச் சுத்தம் செய்யாமை, 34 வீதம். 2016 ஓகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் பல மாடிகளுக்குப் பரவிய தீயும் பழுதான ஒரு ட்ரையரில் தொடங்கியதுதான்.

குழாய் அடைபட்டால் சென்சருக்கு என்ன ஆகும்? காற்று ஓடாததால் ஹீட்டர் கூட்டுக்குள் சூடு தேங்குகிறது. உயர்வரம்புத் தெர்மோஸ்டாட் அறுத்துச் சேர்ந்து, அறுத்துச் சேர்ந்து களைக்கிறது. புளோவர் பக்கமிருக்கும் சென்சரோ மந்தமாக நகரும் ஈரக்காற்றை அளந்து, சூடு போதவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். அது பொய் சொல்லவில்லை, அதன் பக்கம் சூடு வந்து சேரவில்லை. உடுப்புக் காய இரண்டு சுற்றுப் போட வேண்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். மெஷினை இழுத்து, பின்னாலுள்ள குழாயைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். அப்போது காற்று பலமாக வந்து சூடும் ஒழுங்காக ஏறி இறங்கினால் மெஷின் நல்லது, குழாய்தான் குற்றவாளி. காஸ் ட்ரையரில் இதைச் செய்யக் கூடாது. அதன் புகை வீட்டுக்குள் வரும். ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு உரிமம் பெற்றவரையே கூப்பிட வேண்டும்.

உடுப்பு ஈரமாக இருக்கும்போதே மெஷின் நின்றுவிட்டால் வெப்ப சென்சரைச் சந்தேகிக்குமுன் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளைத் துடைத்துப் பாருங்கள். அவைதான் ஈரத்தை உணர்பவை. வாசனைத் தாள் பாவிக்கிற வீடுகளில் அவற்றின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். ஆல்கஹோல் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். புதிதாக வரும் ஹீட் பம்ப் ட்ரையர்களில் சுருளுக்குப் பதில் கம்பிரசர் இருக்கிறது, அதன் குழாயிலும் ஒரு சென்சர் இருக்கும். அளக்கும் முறை மாறாது, அட்டவணை மட்டும் மாறும்.

வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் ட்ரையர் நடு பேஸ்மென்டில் இருக்கிறது, குழாய் கூரையோடு நீண்டு, வளைந்து வளைந்து வெளியே போகிறது. சில இடங்களில் அது இன்னும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இந்த வார இறுதியில் அதைக் கழற்றி 4 அங்குலக் கெட்டித் தகரக் குழாய் போடுங்கள், முடிந்த மட்டும் குறுக்கி, வளைவைக் குறைத்து. பிறகு மெஷினைப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சுவரிலுள்ள மூடியைப் பாருங்கள். அது முழுதாகத் திறந்து கையில் சூடான காற்று பலமாக அடிக்க வேண்டும். பனி மூடியிருந்தால் தட்டுங்கள், குருவி கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்த பிறகு எடுத்துவிடுங்கள், அதுவரை மெஷினைப் போடாதீர்கள். கீழே குடியிருப்பவர்களிடமும் பஞ்சு வடியை ஒவ்வொரு முறையும் துடைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் குறியீடு வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், மீட்டரோடு வருகிறேன்.